புதன்கிழமைப் பெட்டி

2005 ஆகஸ்ட் 3, புதன்கிழமை காலை, கல்வராயன் மலை அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றிலிருந்து ஒரு தடுப்பூசிப் பெட்டி வெள்ளிமலை பஸ்ஸில் ஏறியது. எடுத்துப் போனவள் கிராம சுகாதாரச் செவிலியர் கமலா. அடுக்கிக் கொடுத்தது நான்.

பெட்டி அடுக்குவது பார்ப்பதற்குச் சின்ன வேலை. ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே உள்ளே வைக்கக் கூடாது. வெளியே வைத்து, அது வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டி இருக்கும் மருந்து உறைந்துவிடும். போலியோ சொட்டு மருந்து உறைந்தால் ஒன்றும் ஆகாது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு மருந்து உறைந்தால் கெட்டுவிடும். பிறகு உருகிப் பழையபடி வெள்ளையாகத்தான் தெரியும். சிரிஞ்சில் ஏறும், பிள்ளையின் தொடையில் இறங்கும். காப்பாற்றாது.

இருபது வருடத்துக்கு மேல் அந்த மலையில் ஊசி போட்டவள் நான். பெயர் பெரியநாயகி, ஊர் திருக்கோவிலூர். முதலில் போனபோது, பெட்டியைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாமைக் காட்டுக்குள் ஒளிந்துகொள்வார்கள். ஒரு மழை நாளில், டோலி கட்டித் தூக்கி வந்த ஒருத்திக்கு வழியிலேயே, பாறை மேல் வைத்துப் பிரசவம் பார்த்தேன். பிறந்த குழந்தை சின்னப்பொண்ணு. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்றிலிருந்து எனக்குக் கைராசி என்று பெயர் வந்தது. மலைக்காரர்களுக்கு மருந்தின் மேல் நம்பிக்கை இல்லை, போடுகிற கையின் மேல்தான்.

சம்பளத்தை அரசாங்கம் கொடுத்தது. நான் யார் என்பதை அந்தப் பெண்கள் கொடுத்தார்கள். புதன்கிழமை மாலை, அவர்கள் தந்த மரவள்ளிக்கிழங்கு மடியில் கனக்க, பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து மலை இறங்கும்போது இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றிருக்கும். மனநிறைவு என்று புத்தகங்களில் எழுதுகிறார்களே, அது இதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

நாற்பத்தேழு வயதில் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். இனி பெட்டியை அடுக்கிக் கொடுத்து மேற்பார்வை பார்த்தால் போதும், ஊசி போட வேண்டியதில்லை. என் இடத்துக்கு வந்தவள்தான் கமலா. எலவனாசூர்கோட்டைப் பெண். எந்தப் பாறையில் வழுக்கும், எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த மாமியாரை முதலில் விசாரிக்க வேண்டும், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தேன். என்னை அக்கா என்பாள். என் வீட்டில் சாப்பிட்டாள்.

அந்த ஜூலையில் மேற்பார்வைக்கு மலைக்குப் போயிருந்தேன். சின்னப்பொண்ணு, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத தன் முதல் பிள்ளை சின்னதுரையோடு, காசநோய்த் தடுப்பூசிக்கு வரிசையில் நின்றாள். பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"நீங்க வுடுங்க, பெரிய நர்ஸம்மா. கமலாக்கா போடட்டும். அதுக்குத்தான் கைராசி. போட்டதே தெரியாது."

அவளுடைய மாமியார் இருசம்மாள் பின்னாலிருந்து, "இந்தம்மா போட்டா மாட்டுக்கு லாடம் அடிக்கறாப்ல இருக்கும்டி. நம்மூரு எருதுங்ககூட இவங்கள பாத்தா கவுறு அத்துக்கினு ஓடுது" என்றாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. மலையில் அப்படித்தான் பேசுவார்கள், விஷம் கிடையாது. நானும் சிரித்தேன். பிறகு கமலாவைப் பார்த்தேன். சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டே, தலையைக் குனிந்து, அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "மன்சுல வெச்சிக்காதீங்கக்கா, அதுங்க அப்டித்தான் பேசும்" என்றாள். என் மலையைப் பற்றி எனக்கே சொன்னாள்.

ஆகஸ்ட் 3 அன்று நான் ஐஸ் பேக் வியர்க்கும்வரை காத்திருக்கவில்லை. முத்தடுப்பு மருந்துக் குப்பிகளை அதோடு ஒட்டி வைத்து மூடினேன். உறைந்து உருகிய மருந்தைக் குலுக்கிப் பார்த்தால் திரிதிரியாக இருக்கும், சீக்கிரம் அடியில் படியும். இதையும் கமலாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் கண்டுபிடிப்பாள், போடாமல் திருப்பிக் கொண்டுவருவாள், டாக்டரிடம் திட்டு வாங்குவாள் என்றுதான் நினைத்தேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

அவள் காலிக் குப்பிகளோடு வந்தாள். "கூட்டம்னா கூட்டம்க்கா. ஒரு புள்ளயும் வுடல" என்றாள். முகம் மலர்ந்திருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுபடி போட்டிருக்கலாம். ஆனால் பார்க்க வேண்டியது அவள் கடமை. நான் ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அடுத்த புதன்கிழமையும் பெட்டியை அப்படியே அடுக்கினேன். மாதம் ஒரு ஊசியாக மூன்று ஊசி போட்டால்தான் பிள்ளைக்கு முழுக் காப்பு. மூன்றும் முடியும்வரை அப்படியே அடுக்கினேன். பிறகு வழக்கம்போலக் காத்திருந்து அடுக்கத் தொடங்கினேன்.

அடுத்த வருடம் ஐப்பசி மழையில் சின்னதுரைக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்தது. தொண்டை அடைப்பான். கள்ளக்குறிச்சிக்கு எடுத்துப் போகும் வழியிலேயே இறந்துவிட்டான்.

மூன்று ஊசியும் போட்ட பிள்ளைக்கு இந்த நோய் எப்படி வந்தது என்று விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். ஃப்ரிட்ஜைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. என்னைக் கேட்டார்கள். இங்கிருந்து போகும்வரை நான் பொறுப்பு, அதற்குப் பிறகு எடுத்துப் போனவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அது விதிமுறைப்படி சரியான பதில்.

அன்று மாலை கமலா என் வீட்டுக்கு வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"நான்தான் பொட்டிய வெயில்ல வெச்சிட்டனாக்கா? நெனச்சி நெனச்சி பாக்குறேன், ஒண்ணும் ஞாபகம் வரல."

"இருக்கலாம்" என்றேன். சோறு போட்டேன். அவள் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போனபோது இருசம்மாள் வழியை மறித்து நின்றாளாம். "உன் கை ஆவாத கை. ஊருக்குள்ள காலு வெக்காத" என்றாளாம். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்களாம். கமலா அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். எலவனாசூர்கோட்டையில் இருக்கிறாள், யாரோடும் பேசுவதில்லை என்று சொல்கிறார்கள்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் மறுபடி ஊசி போடச் சொல்லி உத்தரவு வந்தது. போட்டேன். அந்த மூன்று மாதமும் என் பெட்டி மலையில் வேறு ஊர்களுக்கும் போயிருந்தது. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால், நான் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் செய்ததில்லை. ஊசி போட்ட கை என்னுடையது இல்லை.

கமலாவின் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. ஆகவே புதன்கிழமைகளில் நானே மலை ஏறுகிறேன். ஐஸ் பேக் வியர்க்கும்வரை காத்திருந்துதான் பெட்டியை அடுக்குகிறேன். வரிசை என் முன்னால் நிற்கிறது. திரும்பும்போது மடியில் கிழங்கு கனக்கிறது.

சென்ற புதன்கிழமை சின்னப்பொண்ணு தன் இரண்டாவது குழந்தையைக் கொண்டுவந்தாள். பெண். "உங்க கையால போடுங்கம்மா" என்று என் மடியில் வைத்தாள். போட்டேன். குழந்தை அழவில்லை.