பாப்பாவோட கடைசி பாட்டில்

சாப்பிடும்போது மட்டும் என் வேலையைப் பத்திப் பேசக்கூடாதுன்னு என் சம்சாரம் கண்டிஷன் போட்டிருந்தா, சார். நியாயம்தான். ஆரோக்கியமானவங்க மலத்தை வாங்கி, உப்புத்தண்ணியில கரைச்சு, வடிகட்டி, பாட்டில்ல அடைச்சு உறைய வைக்கிறது என் வேலை. குடல் கெட்டுப்போனவங்களுக்குள்ள அதைச் செலுத்தினா, அதிலிருக்குற நல்ல கிருமிங்க குடியேறி ஆளையே தேத்திடும். செத்துப் பொழைச்சவங்களைப் பாத்திருக்கேன்.

எங்க பொண்ணு பாப்பாவும் கொடுத்தா. பரிசோதனை எல்லாத்துலயும் தேறினவ. "அப்பா, என் வயித்துக்குத்தான் முதல் பரிசு"ன்னு கிண்டல் பண்ணுவா. கொடுத்தவங்களுக்கு மறுபடி ஒரு பரிசோதனை உண்டு. அது வர்ற வரைக்கும் பாட்டில் சிவப்புத் தட்டுல இருக்கணும், அப்புறம்தான் நோயாளிக்குக் கொடுக்குற பச்சைத் தட்டு.

அதுக்குள்ள பாப்பாவுக்குக் காய்ச்சல். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி குடல்ல ஒளிஞ்சிருந்து ரத்தத்துல கலந்துடுச்சாம். போயிட்டா. அவ பாட்டிலையெல்லாம் எரிச்சிடுங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்பதான் சுடுகாட்டுலேர்ந்து வந்திருந்தேன். இன்னொரு தடவையா? மனசு வரல, சார். அவகிட்ட உசிரோட மிச்சம் இருந்தது அது மட்டும்தானே. வேற ஆள் லேபிளை ஒட்டி, பச்சைத் தட்டுக்கு மாத்திட்டேன்.

அப்புறம் பயம் பிடிச்சுக்கிச்சு. கரண்ட் போனா? ஃப்ரீசர் மக்கர் பண்ணினா? விளக்கு லேசா மினுக்கினாலே ஃப்ரீசர்கிட்ட ஓடுவேன். பெட்டிக்குள்ள கிடக்குறதைவிட ஒரு உடம்புக்குள்ள இருந்தா பத்திரம்னு பட்டுச்சு. முதல்ல ஒரு பஸ் டிரைவர். அடுத்தது ஒரு தையல்காரம்மா. கட்டிக்கொடுத்த பொண்ணை எட்டிப் பாக்குற மாதிரி தினம் வார்டுக்குப் போய் நலம் விசாரிப்பேன். ரெண்டு பேருமே தாங்காம போயிட்டாங்க. பாவம், அவளை வெச்சுக்க அவங்களுக்குத் தெம்பில்ல.

ஒரே ஒரு பாட்டில் மிச்சம். பாப்பா போனதுலேர்ந்து சம்சாரம் படுத்த படுக்கை. மாத்திரையா முழுங்கி முழுங்கி அவ குடலும் கெட்டு, இதே சிகிச்சைதான்னு ஆயிடுச்சு. பெத்தவ வயித்தைவிட நல்ல இடம் உண்டா, சொல்லுங்க? பாட்டிலை நானே எடுத்துட்டுப் போய் நர்ஸம்மா கையில கொடுத்தேன்.

விசாரிக்க வந்த நீங்க கேட்டது எல்லாத்தையும் மறைக்காம சொல்லிட்டேன். இப்ப சம்சாரத்துக்குக் காய்ச்சல், உடம்பு தூக்கிப் போடுதுங்கிறீங்க. அந்தக் கிருமியை ஒண்ணு விடாம கொல்ல புது மருந்து வரவழைச்சிருக்காங்களாம், புருஷன் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணுமாம். இந்தாங்க, உங்க பேனா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா பெத்த பொண்ணைக் கொல்லச் சொல்லி எந்த அப்பன் கையெழுத்துப் போடுவான், சார்?