முன்னால் போகக்கூடாது என்றவள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் திருமலை அவர்களே, நிர்வாகத்தின் சார்பில் வந்திருக்கும் மேலாளர் ரகுபதி அவர்களே, மகளைப் பறிகொடுத்துவிட்டுச் சங்கரன்கோவிலிலிருந்து வந்து நம் நடுவே இருக்கும் கிளியம்மாள் அம்மா அவர்களே, ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருக்கும் தோழிகளே, தோழர்களே! உங்கள் அனைவருக்கும் பிள்ளைப்பாக்கம் செங்கமலத்தின் வணக்கம்.

தோழர் மாடத்தியும் நானும் ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள். ஒரே கம்பெனி பஸ்ஸில், ஒரே இருக்கையில் போய்வந்தவர்கள். காய்ச்சல் என்று மண்ணூர் விடுதியில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அது போகிற வயதா? சொல்லுங்கள், போகிற வயதா!

அவள் பிறவியிலேயே புத்தகப் புழு என்று யாரோ இங்கே பேசினார்கள். கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். சின்ன வயதில் கதை என்றால் உயிராம். பிறகு பரீட்சை வந்தது, புத்தகம் கசந்துபோனது. 2011 மழைக்காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் மழைக்கு ஒதுங்கியவள், கையில் கிடைத்ததை எடுத்துப் புரட்டியிருக்கிறாள். மழை விட்ட பிறகும் அங்கேயே நின்றிருக்கிறாள். “மார்க்குக்குப் படிச்சதெல்லாம் மறந்து போச்சுக்கா. இப்பத்தான் எனக்காவப் படிக்கேன்” என்று என்னிடம் சொன்னாள்.

ஒருநாள் ஒரகடம் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நம் பஸ் மாட்டிக்கொண்டது. எல்லோரும் தூங்கி வழிகிறோம். இவள் மட்டும் புத்தகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பக்கத்து இருக்கைக் கங்காவுக்குப் பொறுக்கவில்லை. “இன்னாடி, நீ மட்டும் சிரிச்சிகினு கீற? எங்களுக்கும் படிச்சுக் காட்டு” என்றாள். அன்று ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நம் பஸ்ஸில் யாராவது தூங்கினோமா?

தப்பும் தவறுமாக ஒரு வாக்கியம் வந்தால் மட்டும் நின்றுவிடுவாள். “எழுவாய் ஒரு பக்கம் போவுது, பயனிலை ஒரு பக்கம் போவுது. ரெண்டையும் சேத்து வச்சுட்டு வாரேன், பொறுங்க” என்பாள். நாங்கள் கத்துவோம். அவள் மசியமாட்டாள். நன்றாக அமைந்த வாக்கியம் என்றாலோ, மிட்டாய் கிடைத்த பிள்ளைபோல இன்னொரு முறை படிப்பாள். அதற்கும் கத்துவோம்!

ஓட்டுநர் கொம்பையா அண்ணன் அதோ பின்னால் நிற்கிறார். வாக்கியம் முடியாமல் அவர் பஸ் கதவைத் திறந்ததே இல்லை. ஒருநாள் ஒரு பரிசல்காரியின் கதையில் லயித்து, கம்பெனி வாசலையும் தாண்டி ஓட்டிக்கொண்டே போய்விட்டார். மறைமலை நகர் என்று பலகையைப் பார்த்த பிறகுதான் அவருக்கும் உறைத்தது, எங்களுக்கும் உறைத்தது. கேட்டதற்கு, “அந்தப் பொம்பள வெள்ளத்துல பரிசலை இறக்கிட்டா. நான் எங்கிட்டு பிரேக் போட?” என்றார். ரகுபதி சார், அன்று டயர் பஞ்சர் என்று சொன்னோமே, அது இதுதான்.

எங்கள் பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. யாரும் முன்கூட்டிப் படிக்கக்கூடாது. மாடத்தியும் படிக்கமாட்டாள். கங்கா ஒருமுறை திருட்டுத்தனமாகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தபோது புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, “நீ முன்னால போயிட்டா, அப்புறம் எங்ககூட எப்படி வருவ?” என்று கேட்டாள்.

மாடத்தி! அப்படிக் கேட்ட நீயா முன்னால் போனாய்?

நேற்று அவள் பெட்டியை எடுத்துப்போக கிளியம்மாள் அம்மா விடுதிக்கு வந்தார்கள். அவர்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மேலே இருந்த அட்டை கிழிந்த புத்தகத்தைத் தடவிப் பார்த்து, “எம்புள்ள எதுவரைக்கும் படிச்சா?” என்று கேட்டார்கள். சொன்னேன். பரிசல்காரி நடு ஆற்றில் நிற்கிறாள், அக்கரையில் அவள் குழந்தை இருக்கிறது என்றேன். “பொறவு? கரை சேந்தாளா?” என்றார்கள்.

எனக்குத் தெரியவில்லை. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மாடத்திக்கே தெரியாது. அவள் இறந்ததிலிருந்து புத்தகத்தைத் திறக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் பெற்றவள் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா?

மேலாளர் அவர்களே, கம்பெனி பஸ்ஸில் வெளியாள் ஏறக்கூடாது என்பது விதி. நாளை காலை ஷிப்டுக்கு இந்தத் தாயை ஏற்றிக்கொள்ள அனுமதி கேட்கிறேன். இந்தச் சபையின் முன்னால் கேட்கிறேன். அனுமதி உண்டா?

தலையாட்டுகிறார். நன்றி, சார்.

அம்மா, ஊருக்கு நாளைக்குப் போக வேண்டாம். ஜன்னலோரம் உங்கள் மகளின் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். படிக்கப்போவது நான்தான். தட்டுத்தடுமாறித்தான் படிப்பேன், மாடத்தி அளவுக்கு வராது. ஆனாலும் இந்தக் கதையோடு நிறுத்தமாட்டோம். நான் இல்லாவிட்டால் கங்கா படிப்பாள், அவள் இல்லாவிட்டால் இன்னொருத்தி. அந்த பஸ் ஓடுகிற வரைக்கும் மாடத்தியின் வாசிப்பு ஓடும். இது எங்கள் உறுதி!

மாடத்தி, நீ நிறுத்திய வரியிலிருந்துதான் தொடங்குகிறோம். ஒரு வரிகூட முன்னால் போகமாட்டோம். பரிசல்காரி கரை சேர்ந்தாளா என்று தெரிந்ததும், முதலில் உனக்குத்தான் சொல்வோம்.