கதவில் தொங்கிய கொக்கு

இந்த பார்லிக் கஞ்சியில் உப்பு போதவில்லை, தந்தையே. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடம் குதிரை இறைச்சியும் முட்செடி வேரும் தின்றவனுக்கு இது விருந்துதான். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் உப்பு இருக்கும்போது போடாமல் விடுவது சோம்பேறித்தனம். எனக்குச் சோம்பேறிகளைப் பிடிக்காது.

நீங்கள் வந்திருப்பது கோசெல்மின் புகாரை விசாரிக்க. அவன் என் தங்கையின் கணவன். ஒரே நாளில் நாங்கள் இருவரும் சிலுவைப் போருக்குப் பெயர் கொடுத்தோம். இரண்டு பேர் தோளிலும் சிலுவையைத் தைத்தவள் என் தங்கைதான். அவனுக்குச் சேர வேண்டிய வீட்டில் இருந்த ஒன்பது பேரையும் நான் பாழாக்கிவிட்டேன் என்பது அவன் புகார். பாழாக்கினான் என்பது அவன் சொல். நீங்கள் அதை மாற்றாமல் எழுதிக்கொண்டீர்கள்.

ஊர் விழுந்தால் எங்கள் வழக்கம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குள் முதலில் நுழைபவன் தன் கேடயத்தைக் கதவில் மாட்டுவான். மாட்டிவிட்டால் வீடும் பண்டமும் ஆட்களும் அவனுக்கு. அதன் பிறகு எவன் வந்தாலும் கேடயத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போக வேண்டும்.

அன்று காலை மதில் இடிந்ததும் நான் நுழைந்தது ஒரு சோப்பு காய்ச்சுபவனின் வீடு. அவன், அவன் மனைவி ருகையா, அவனுடைய கிழட்டுத் தகப்பன், தம்பி மனைவிகள் இரண்டு பேர், நான்கு பிள்ளைகள். ருகையா மட்டும் முன்னால் வந்து "அமான்" என்று கேட்டாள். அடைக்கலம் என்று பொருள். முந்தின குளிர்காலத்தை அவர்கள் மலைக் கிராமம் ஒன்றில் கழித்திருந்தேன், பேச்சு கொஞ்சம் பிடிபட்டிருந்தது. கொடுத்தேன் என்றேன். என் கேடயத்தில் வெள்ளைக் கொக்கு வரைந்திருக்கும். அவள் கையைப் பிடித்து அந்தக் கொக்கின் மேல் வைத்து, இது தொங்கும்வரை உங்களை யாரும் தொடமாட்டார்கள் என்று சத்தியம் செய்தேன்.

ரொட்டியும் ஒலிவக்காயும் வைத்தாள். பாதி தின்றிருப்பேன், மணி அடித்தது. நன்றிப் பூசைக்கு எல்லோரும் ஆயுதம் இல்லாமல், வெறுங்காலோடு வர வேண்டும் என்று நீங்கள்தானே ஆள் விட்டுக் கூவச் சொன்னீர்கள். உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கதவில் கேடயம் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

பூசையில் நீங்கள் பேசியது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. இந்த ஊரில் ஒருவனை உயிரோடு விட்டால் அது பாவத்தை உயிரோடு விடுவது என்றீர்கள். தெருவெல்லாம் பிணத்தைத் தாண்டித் தாண்டி வந்து நின்றவர்கள் அழுதுகொண்டே ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. என் வீட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

திரும்பி வந்தபோது கதவில் கோசெல்மின் கேடயம் தொங்கியது. என்னுடையது, சோப்புக்குச் சாம்பல் நீர் வடிக்கும் சாக்கடையில், செத்த கழுதை ஒன்றின் வயிற்றுக்கு அடியில் கிடந்தது.

கோசெல்ம் வாசற்படியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வா மச்சான், பூசை நல்லபடியா முடிஞ்சுதா? எனக்கும் சேத்து வேண்டிக்கிட்டியா?"

"கொக்கு எங்கடா?"

"பறந்துபோச்சு. கொக்குன்னா தண்ணியப் பாத்தா எறங்கத்தானே செய்யும்?"

கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர்கள்தான் முற்றுகையில் என் ரொட்டியில் பங்கு தின்றவர்கள்.

எங்கள் படைப் பிரபுவின் காரியஸ்தரைக் கூட்டி வந்தேன். வெயிலில் வரச் சொன்னதே அவருக்கு எரிச்சல். கதவை ஒரு பார்வை பார்த்தார்.

"இப்ப எது தொங்குதோ அதுதான் கணக்கு. விட்டுட்டுப் போனது உன் தப்பு. சாமி கும்பிடப் போறவன் கேடயத்துக்குக் காவல் வெச்சுட்டுப் போயிருக்கணும்ல?"

அவ்வளவுதான் தீர்ப்பு. கோசெல்ம் பெருந்தன்மையாக, "கிழவன நீ வெச்சுக்க மச்சான், வேணாங்கல. பொம்பளைங்களையும் புள்ளைங்களையும் விக்கறதுக்குத் துறைமுகத்துக்கு ஓட்டிட்டுப் போறேன்" என்றான். பிறகு கதவைத் தட்டினான், உதைத்தான், அவர்கள் பாஷையில் தனக்குத் தெரிந்த இரண்டு கெட்ட வார்த்தையையும் சொல்லிக் கத்தினான். தாழ் அசையவில்லை. கதவை இடிக்க உத்தரக் கட்டை கொண்டு வருகிறேன் என்று ஆட்களோடு போனான்.

நான் கோபக்காரன் அல்ல. என் குதிரைகளைக் கேட்டால் சொல்லும். ஆனால் அன்று கோபம் வந்தது, இன்றும் அது தணியவில்லை. என் சத்தியத்தைச் சாக்கடையில் போட்டவன் மேல், சிரித்தவர்கள் மேல், வெயிலுக்குச் சலித்துக்கொண்ட அந்தக் காரியஸ்தர் மேல், உங்கள் மேலும்தான் தந்தையே. உள்ளே இருந்தவர்கள் மேல் எனக்குத் துளிக்கூடக் கோபம் இல்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு திரித்துச் சொல்வார்கள்.

கேடயத்தை இழுத்து எடுத்தேன். தொட்டியில் கழுவினேன். கொக்கின் கழுத்தில் வண்ணம் உரிந்துவிட்டிருந்தது. பூசைக்குப் போகும்போது பக்கத்துத் தெருவில் ஒப்படைத்திருந்த வாளை எடுத்து வந்தேன். கோசெல்மின் கேடயத்தை நான் தொடவில்லை. தீர்ப்பை மீறியவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

கதவருகே போய்க் கூப்பிட்டேன். அதிகம் பேசவில்லை. "நான்தான்" என்றேன்.

"கேடயக்காரரா?" என்றாள் உள்ளேயிருந்து. "வேற யாராச்சும் கூட நிக்கிறாங்களா?"

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

தாழ்ப்பாள் விலகியது. ருகையாவின் முகம் வியர்த்திருந்தது, ஆனால் சிரித்தாள். "வந்துட்டீங்களா. யாரோ கதவ ஒடைக்கப் பாத்தாங்க. உங்க ரொட்டிய மூடி வெச்சிருக்கேன்" என்றாள். கடைசிப் பிள்ளை ஓடி வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டது. அதிலிருந்து தொடங்கினேன்.

அதிக நேரம் ஆகவில்லை. சோப்புக்காரன் மட்டும் மனைவியின் முன்னால் வந்து நின்றான். மற்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நம்பவில்லை போலிருக்கிறது. பயந்து ஓடினால்தான் தந்தையே நேரம் பிடிக்கும்.

கோசெல்ம் உத்தரத்தோடு வந்தபோது கதவு அகலத் திறந்திருந்தது. நான் படியில் உட்கார்ந்து மீதி ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன். "உள்ள போ மச்சான், எல்லாம் உன்னுதுதான்" என்றேன். போனான். அவன் அழுதான் என்று சொல்கிறார்கள். துறைமுகத்தில் கிடைத்திருக்கக்கூடியதை நினைத்து அழுதிருப்பான்.

அன்று பொழுது சாய்வதற்குள் அந்த ஊரில் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நீங்கள் பாட்டுப் பாடினீர்கள். இந்த ஒன்பது பேருக்கு மட்டும் விசாரணை, ஏனென்றால் நம்மவன் ஒருவனுக்கு நஷ்டம். இதை நினைத்தால் கஞ்சி தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது.

கொன்றது நான்தான். ஒன்பது பேரையும், என் கையால். மறுக்கவில்லை. ஆனால் என்னைச் சத்தியம் தவறியவன் என்று எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன். கொக்கு தொங்கும்வரை என்றுதான் சொன்னேன், அதை இறக்கியது நான் அல்ல. அன்று அந்த ஊரில் எத்தனையோ கதவுகளை உடைத்தார்கள் தந்தையே. உள்ளேயிருந்து நம்பித் திறந்த கதவு ஒன்றே ஒன்றுதான், அதுவும் என் குரலுக்கு. அதை முதலில் எழுதுங்கள்.