டெல்மரின் ஒன்பது சட்டைகள்

புதுத்துணியை அலசாமல் அலமாரியில் வைக்கக் கூடாது. எங்கள் தேவாலயத்துத் தையல் பெண்களில் பாதிப்பேர் இதைக் கேட்பதில்லை. கடைத் துணியில் கஞ்சி இருக்கும். சிவப்பு, பக்கத்தில் இருப்பதில் சாயம் ஏற்றும். பருத்தி முதல் தண்ணீரிலேயே சுருங்கும். அதனால் அலசி, நிழலில் உலர்த்தி, தேய்த்து, ஆறங்குல அளவுகோலைச் சுற்றி மடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் எல்லா மடிப்பும் ஒரே அகலத்தில் நிற்கும். ஷெரிஃப் அலுவலகத்து ராஸ்முசென், எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சொன்னார். எனக்கு முதல் இதுதான்.

என் பெயர் ஆர்டிஸ். இருபத்தாறு வருடம் பள்ளி நூலகத்தில் இருந்தேன். கலைந்து கிடக்கும் எதையும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வராது. ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதற்கென்று வாங்கிய துணிகள் முதலில் ஒரு பெட்டியில் இருந்தன. ஊர்ப்புறத்துத் துணிக்கடைகள் ஒவ்வொன்றாக மூடியபோது மிச்சத்தை நான் எடுத்துக்கொண்டேன். இறந்துபோன தோழிகளின் துணிகளும் என்னிடம் வந்தன. என் கணவர் டெல்மர், மாடுகளை விற்ற வருடம், கீழ்த்தளத்தில் இருக்கும் வடக்கு அறையின் மூன்று சுவர்களுக்கும் தரையிலிருந்து கூரைவரை தட்டுகள் அடித்துக் கொடுத்தார். வடக்கு அறையில் வெயில் விழாது, சாயம் வெளுக்காது. வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை நிறவாரியாக அடுக்கினேன். அடுக்குவது, தூசி தட்டுவது, மடிப்புக் கோடு விழாமல் ஆறு மாதத்துக்கொருமுறை பிரித்து மடிப்பது, இதற்கே என் நாள் சரியாகப் போனது. கடைசியாக முழுப் போர்வை ஒன்றைத் தைத்து முடித்துப் பதினோரு வருடம் ஆகிறது. அதை நான் குறையாக நினைத்ததில்லை.

ஐம்பது வருடம் வைக்கோல் தூசியைச் சுவாசித்ததில் டெல்மரின் நுரையீரல் கெட்டது. போன குளிர்காலத்தில் அவரால் மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. கீழே படுக்க வேறு அறை இல்லாததால் கட்டிலை வடக்கு அறையின் நடுவில் போட்டோம். ஆக்சிஜன் மெஷின் கால்மாட்டில். மின்சாரம் போனால் மாற்றிக்கொள்ள ஒரு சிலிண்டர் தலைமாட்டில், அவர் கைக்கெட்டும் இடத்தில்.

பழைய வீடு. அந்த அறைக்கும் அடுத்து இருக்கும் சாப்பாட்டு அறைக்கும் ஒரே ஃபியூஸ். நான் தேய்ப்பது சாப்பாட்டு அறையில். இஸ்திரிப் பெட்டியும் மெஷினும் ஒன்றாக ஓடினால் சில நிமிடத்தில் ஃபியூஸ் போய்விடும். அதனால் தேய்க்கும் முன் அவரைச் சிலிண்டருக்கு மாற்றுவேன். "அம்மணி துணி தேய்க்கப் போறா, எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எட்டு மாதத்தில் ஒருநாள்கூட நான் மறந்ததில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் எங்கள் மகள் ஜோலீன் ஓமாஹாவிலிருந்து வந்தாள். கூடவே லவானையும் அழைத்து வந்திருந்தாள். தேவாலயத்தில் போர்வை தைக்கும் பெண்களுக்கு லவான்தான் தலைவி. எனக்கு நாற்பது வருடத் தோழி.

"அம்மா, டாக்டர் சொன்னது உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல? அந்த ரூம்ல ஒரு துண்டுத் துணி இருக்கக் கூடாது. அத்தனை பஞ்சும் அப்பா நெஞ்சுக்குள்ள போகுது."

"அலசின துணியில பஞ்சு வராது" என்றேன்.

டெல்மர் மூக்குக் குழாயைச் சரிசெய்தார். "விடு ஜோலீன். நான் போயிட்டா என்னையும் ஆறங்குலமா மடிச்சு, சாம்பல் நிறத் தட்டுல சொருகிடுவா."

"சாம்பலா? உன் மூக்கு இருக்கிற நிறத்துக்குச் சிவப்புத் தட்டுதான்" என்றாள் லவான். மூவரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்து நெடுநேரம் நிற்கவில்லை. நின்றதும் என்னைப் பார்த்தார்.

"ஆர்டி, விளையாட்டுக்குச் சொல்லல. எனக்கு மூச்சு விடணும். அதெல்லாம் போகட்டும்."

"எங்க போகும்?"

"சர்ச்சுக்குக் கீழ இருக்கிற கிடங்குக்கு" என்றாள் லவான். "வர்ற சனிக்கிழமை நாலு பிக்கப் வண்டி எடுத்துட்டு வர்றோம். அகதிங்களுக்கு அனுப்புற போர்வைக்குத் துணி தீந்துபோச்சு. ஆர்டிஸ், உன்னோடத வச்சு ஒரு ஊரையே போத்தலாம்."

டாக்டர், அறையைச் சுத்தமாக வைத்தால் டெல்மர் இன்னும் இரண்டு மூன்று குளிர்காலம் தாங்குவார் என்று சொல்லியிருந்தார். நான் சரி என்றேன். முகம் சுளிக்கவில்லை. அந்தப் பெண்கள் துணியைக் கத்தரியால் வெட்டுவதில்லை, நுனியில் ஒரு வெட்டுக் கொடுத்துவிட்டுக் கையால் கிழிப்பார்கள். அதைப் பற்றிக்கூட நான் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை டெல்மரின் ஃபிளானல் சட்டைகள் ஒன்பதையும் துவைத்தேன். இரவு உடையைத் தவிர அவர் வேறெதுவும் போடுவதில்லை. அடர்நீலத் தட்டில் கொஞ்சம் இடமிருந்தது. செவ்வாய்க்கிழமை கழுத்துப் பட்டியையும் பொத்தான்களையும் எடுத்து, தையல்களைப் பிரித்தேன். புதன்கிழமை, வழக்கப்படி அவரைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, எட்டுச் சட்டைகளைத் தேய்த்தேன். ஒன்று மீதி இருந்தது.

வியாழக்கிழமை காலை, கட்டிலுக்கடியில் பெருக்குவதற்காகச் சிலிண்டரை எடுத்துப் பின்வாசலில் வைத்தேன். மதியம் அவர் சூப் குடித்தார். பட்டாணி சூப். உப்புக் குறைவு என்றார். இரண்டு மணிக்கு இஸ்திரிப் பெட்டியைப் போட்டேன். சிறிது நேரத்தில் ஃபியூஸ் போயிற்று. மாலை ஜோலீனிடமும் டாக்டரிடமும், நான் கொடியில் துணி காயப்போடப் போயிருந்தேன் என்று சொன்னேன். நோய் முற்றிய நுரையீரல், அதனால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

சனிக்கிழமை நான்கு பிக்கப்புகளும் வந்தன. துணி எடுத்துப் போக அல்ல. பெண்கள் மூடிபோட்ட பாத்திரங்களில் நூடுல்ஸும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்தார்கள். எங்கள் வழக்கப்படி துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருத்தியும் கையில் இரண்டு கஜம் துணியும் வைத்திருந்தாள். இனி உனக்கு இதுதான் துணை என்றாள் ஒருத்தி. என் துணி அன்று முப்பது கஜம் கூடியது. எதுவும் அலசியதில்லை.

கணவனை இழந்தவளுக்கு அவனுடைய சட்டைகளை வெட்டி நினைவுப் போர்வை தைத்துத் தருவதும் எங்கள் பெண்களின் வழக்கம். லவான் என் தோளில் கைவைத்து, "அவன் சட்டைங்கள எங்கிட்டக் குடு. நீ ஒண்ணும் சிரமப்படாத, துவைச்சுப் பிரிக்கறதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

"எல்லாம் தயாரா இருக்கு" என்று அடர்நீலத் தட்டைக் காட்டினேன்.

அவள் ஒன்றை எடுத்து விரித்தாள். தையல் பிரித்த ஓரத்தில் விரலை ஓட்டினாள். ஷெரிஃபுக்கும் டாக்டருக்கும் அது வெறும் துணியாகத்தான் தெரிந்திருக்கும். கனத்த ஃபிளானல் அக்டோபர் குளிரில் காய ஒரு நாள் வேண்டும், ஒன்பது சட்டையின் தையலைப் பிரிக்க இன்னொரு நாள் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

"இதை எப்பத் துவைச்ச?"

துணியைப் பற்றிக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. "திங்கட்கிழமை" என்றேன்.

"திங்கட்கிழமை அவன் உயிரோட இருந்தான், ஆர்டிஸ்."

"ஆமா."

"எப்பத் தேய்ச்ச?"

"எட்டை புதன்கிழமை. ஒண்ணை வியாழக்கிழமை."

அவள் அந்தச் சட்டையை மடிக்காமல் தட்டில் போட்டுவிட்டு வெளியே போனாள். பிக்கப்பில் ஏறி டவுன் பக்கம் ஓட்டிப்போனாள். நான் அதை மறுபடி மடித்து வைத்தேன். திங்கட்கிழமை காலை ராஸ்முசென் வந்தார்.

மரியாதை தெரிந்தவர். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"மின்சாரம் நின்னா அந்த மெஷின் கத்துமாமே. உங்களுக்குக் கேட்டுச்சாம்மா?"

"கேட்டது."

"நீங்க வெளியில கொடிகிட்ட இருந்ததாச் சொன்னீங்க."

"இல்லை. அடுத்த அறையில்தான் இருந்தேன். இஸ்திரிப் பெட்டியில் கொஞ்சம் சூடு மிச்சம் இருந்தது. அது ஆறுவதற்குள் ஒன்பதாவதைத் தேய்த்து முடித்தேன். பிறகு எல்லாவற்றையும் மடித்தேன்."

"அதுவரைக்கும் அது கத்திக்கிட்டே இருந்துச்சா?"

"ஆமாம். அவரும் கட்டில் கம்பியைத் தட்டினார். ஏழாவது சட்டை மடிக்கும்போது தட்டுவது நின்றது."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "சட்டைங்கள வச்ச தட்டு அவர் படுத்திருந்த அறையிலதானே இருக்கு?"

"ஆமாம். உள்ளே போய், வைத்துவிட்டு, நிலவறைக்கு இறங்கி ஃபியூஸை மாற்றினேன். அதன் பிறகுதான் போன் செய்தேன்."

டெல்மர் மேல் எனக்கு ஒருநாளும் வெறுப்பு இருந்ததில்லை. நாற்பத்தொன்பது வருடம் நல்லபடி வாழ்ந்தோம். இரவில் இன்னும் கட்டிலின் ஒரு பக்கத்தை விட்டுத்தான் படுக்கிறேன். அவர் மூச்சு நிற்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை, சனிக்கிழமை வரக் கூடாது என்றுதான் விரும்பினேன். அதை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. இதை அப்படியே எழுதிக் கொடுக்கிறேன்: அவரைக் கொன்றது நான்தான்.

கிளம்பும்போது ராஸ்முசென் கடைசியாக ஒன்று கேட்டார். சுவர் முழுவதையும் பார்த்தபடி கேட்டார். "முழுசும் வேண்டாம்மா. அவர் உயிருக்காக ஒரே ஒரு தட்டைக் காலி பண்ணணும்னு சொல்லியிருந்தா, எதைக் குடுத்திருப்பீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாளாகிறது. வெள்ளையில் ஆரம்பித்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இப்போது பச்சைவரை வந்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால், அவருக்காக ஒன்றை நிச்சயம் கண்டுபிடித்துவிடுவேன்.