சண்டை முடிஞ்சதால நிண்ட குளிசை

ஊரில் யுத்தம் முடிந்து மூன்று வருடமாகியிருந்தது. நாங்கள் வந்து குடியேறிய நாட்டில், வோபர்ன் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த நாற்பது வயதுக்காரர், பக்கத்திலிருந்த வயதான பெண்ணிடம் சொன்னார்:

“சண்டை முடிஞ்சதால என்ர சீனி வருத்தக் குளிசை நிண்டுபோச்சு, அன்ரி.”

“அதெப்பிடி?”

“இனி ஊரில ஆபத்தில்லையெண்டு என்ர அகதிக் கேஸை நிராகரிச்சுப்போட்டாங்கள். புதுச் சட்டத்தில கேஸ் தோத்தவைக்கு மருந்து இன்சூரன்ஸ் இல்லையாம்.”

“ஆற்ர பிழை?”

“லோயர், பிழை ஜட்ஜில எண்டுறார். டொக்டர் அரசாங்கத்தில எண்டுறார். பாமசிக்காரன் கொம்பியூட்டரில எண்டுறான்.”

அன்ரி இறங்குவதற்கு மணியை அழுத்தினார். “என்னிலயும் பிழை இருக்கு, தம்பி. உந்த அரசாங்கத்துக்கு நான்தான் வோட் போட்டனான்,” என்றார்.

“ஏன் அன்ரி?”

“வீடு தேடி வந்து, தமிழில வணக்கம் சொன்னவங்கள்.”

“வடிவாச் சொன்னவங்களோ?”

“ஓம். வடிவாத்தான் சொன்னவங்கள்.”

அந்த மனிதர் தலையாட்டினார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

பஸ் நின்று கதவு திறந்தது. அன்ரி எழும்பவில்லை. கதவு மூடியது.

“இன்சூரன்ஸ் இல்லாதவையையும் பாக்கிற கிளினிக் ஒண்டு மார்க்கம் ரோட்டில இருக்கு,” என்றார். “எழும்பாதையும், இன்னும் நாலு ஸ்ரொப் கிடக்கு. நானும் வாறன்.”