எந்தத் தண்ணி?

நரிக்குடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். செல்போனைப் பார்த்ததும் ஒருத்தி பதறிப்போய்ப் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

"மதினி, வீட்டுல கம்ப்யூட்டரு கொதிக்குது. நின்னுச்சுன்னா சேலை டிசைன் பூரா போச்சு."

போனிலேயே எதையோ தள்ளினாள்.

"இங்கருந்தே அதோட காத்தாடி வேகத்தக் கூட்டிட்டேன். உள்ள தண்ணி சுத்துதுல்ல, எறங்கிரும்."

"கம்ப்யூட்டருக்குள்ள தண்ணியா? உப்புத்தண்ணியா, நல்லதண்ணியா?"

"பேட்டரிக்கு ஊத்துவோமே, அந்தத் தண்ணி."

"எத்தன நாளைக்கு ஒருக்கா ஊத்தணும்?"

"போன வருசம் ஊத்துனதுதான். குழாய்க்குள்ளயே சுத்திச் சுத்தி வரும். இந்தா, சூடு எறங்கிருச்சு பாருங்க!"

மதினி போனைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது.

"அடியாத்தீ, சித்திரை வெயில்லயுமா அந்தத் தண்ணி கொறையல?"