பூட்டிய கடைகளின் மிச்சம்

டீ பிரமாதம், ஐயா. எங்கள் ஆபீஸ் டீயைக் குடித்துக் குடித்து என் நாக்கே செத்துப்போயிருந்தது. விசாரணைதானே, தாராளமாகக் கேளுங்கள். மறைக்கிற மாதிரி நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

தொற்றுநோயில் நொடித்துப்போன சிறு கடைகளைத் தூக்கிவிட அரசு ஊக்கத்தொகை அனுப்பியது. பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. செலவாகாமல் மிஞ்சினால் அடுத்த வருடச் செலவுக்கு ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு மிச்சம் பிடிப்பதென்றால் கொள்ளை ஆசை. வீட்டில் கரைந்துபோன சோப்புத் துண்டுகளைக்கூட ஒட்டவைத்துத் தேய்ப்பேன், மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு விண்ணப்பத்தையும் நானாகத் தள்ளவில்லை. கடை நடக்கிறதா என்று நேரில் பார்க்க ஆள் அனுப்பினேன், அவ்வளவுதான். அந்தந்தத் தெருவின் வார விடுமுறை நாளில் அனுப்பினேன். பூட்டிக் கிடக்கிற கடைக்கு எதற்குப் பணம்? அடுத்த வருட பட்ஜெட்டில் விழவிருந்த துண்டு அப்படியே அடைபட்டது. மேலதிகாரி முதுகில் தட்டி, "கில்லாடிய்யா நீ" என்று சிரித்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரே ஒரு கடைதான் மக்கர் செய்தது. என் தங்கை வீட்டுக்காரரின் சைக்கிள் கடை. மாப்பிள்ளை விடுமுறையிலும் திறந்து வைத்துக்கொண்டு பஞ்சர் ஒட்டுவார். டயாலிசிஸுக்குப் போகிற நாட்களில் மட்டும்தான் பூட்டு. இந்தப் பணம் வராவிட்டால் சிகிச்சை நின்றுபோகும் என்று தங்கை என்னிடம் அழுதாள். ஆனால் சொந்தக்காரருக்கு மட்டும் சலுகை காட்டினால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? டயாலிசிஸ் நாளாகப் பார்த்து ஆளை அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் மாப்பிள்ளை போய்விட்டார். தங்கமான மனிதர். இறுதிச் செலவு முழுக்க என்னுடையது. அதில் மட்டும் நான் கணக்குப் பார்க்கவில்லை.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணா, அன்னிக்கு அவர் கடையில இருக்க மாட்டார்னு உனக்குத் தெரியாதுதானே? யாரோ தெரியாம அனுப்பிட்டாங்கதானே?"

"தெரியும்மா. நான்தான் அந்த நாளாப் பாத்து அனுப்பினேன்."

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. புகார் கொடுத்ததும் அவள்தான் என்கிறீர்கள். ஆச்சரியமாக இருக்கிறது, ஐயா. கூடப்பிறந்தவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லாத அண்ணன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்?